ராயல் சார்ட்டர் கப்பல் விபத்துக் கட்டுரைக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்

வணக்கம். ஒருவழியாகக் கட்டுரை அச்சுக்குப் போய்விட்டது. தனியாளாக இதை முடித்திருக்கவே முடியாது, அதனால்தான் இந்த மடல்.

முதலில் வரைபடம் போட்டுத் தந்த தம்பி. 1859 ஆகஸ்ட் 26 மெல்போர்னை விட்டுக் கிளம்பி, தங்கமும் தங்கத்தில் சம்பாதித்தவர்களுமாக அயர்லாந்து வரை நல்லபடியாக வந்த கப்பல், லிவர்பூலுக்குக் கொஞ்ச தூரமே மீதி இருக்கும்போது புயலில் சிக்கி வேல்ஸின் ஆங்கிள்சி தீவில் மோதிய கதை அந்தப் படம் இல்லாமல் யாருக்கும் பிடிபடாது.

அப்புறம் நம்ம மெரைன் இன்ஜினியர் அண்ணன். நீராவிக் கப்பல்தானே, புயலை எதிர்த்து ஓட்டியிருக்கலாமே என்று நச்சரித்தேன். 2,719 டன் இரும்புக் கப்பலுக்கு 200 குதிரைத்திறன் எந்த மூலைக்கு, காற்று ஓய்ந்தால் கைகொடுக்கத்தான் அந்த இன்ஜின், மற்றபடி அது பாய்க்கப்பல்தான் என்றார். அக்டோபர் 26 விடியுமுன் நங்கூரச் சங்கிலி இரண்டும் அறுந்து, பாய்மரங்களை வெட்டிச் சாய்த்தும் பயனில்லாமல், கப்பல் ஆங்கிள்சியின் மோயெல்வ்ரே ஊர்க் கரைப் பாறைகளில் அடித்து உடைந்தது. ஜோசப் ரோஜர்ஸ் என்ற மால்டா மாலுமி கயிற்றோடு நீந்திக் கரையேறினார், ஊர்க்காரர்கள் 28 பேர் அலைக்குள் கைகோத்து நின்று ஆட்களை இழுத்தார்கள். அப்படியும் சுமார் 40 ஆண்கள்தான் மிஞ்சினார்கள். பெண்களில், குழந்தைகளில் ஒருவர்கூட இல்லை. இறந்தவர்கள் 450 பேர் அளவில்.

தங்கத்தைப் பற்றி இன்னும் எழுதச் சொன்னவர்களுக்கும் நன்றி, ஆனால் எழுதவில்லை. அந்த இடத்தைப் பாதிரியாருக்குக் கொடு என்று விடாமல் சண்டை போட்ட அக்கா சொன்னதே சரி. அந்தக் கரைக்குப் பக்கத்து லானால்கோ தேவாலயத் தரையில் உடல்களைக் கிடத்தி, யாரென்று தெரியாத ஒவ்வொருவரின் சட்டைப் பொத்தான், தழும்பு, வளைந்த விரல் என்று பார்த்துப் பார்த்துக் குறித்துவைத்தார் அந்தப் பாதிரியார் ஸ்டீவன் ரூஸ் ஹியூஸ். விசாரித்த உறவினர்களுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதம், எல்லாம் தன் கையால். 1862இல் அவரும் போய்விட்டார், வயது 47தான். இவரைப் படித்த பிறகு தங்கத்தில் யாருக்கு மனம் போகும்?

இந்த விபத்துக்குப் பிறகுதான் பிரிட்டன் வானிலைத் துறைத் தலைவர் ஃபிட்ஸ்ராய் 1861இல் தந்தி வழியாகப் புயல் எச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார் என்பதைச் சேர்க்கச் சொன்ன வாத்தியாருக்கும், மெய்ப்புத் திருத்திய இருவருக்கும் நன்றி. பெயர் போட வேண்டாம் என்று பாதிப்பேர் சொன்னதால் யார் பெயரையும் போடவில்லை, கோபிக்காதீர்கள். பிரதி வந்ததும் உங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறேன்.