சனிக்கிழமை வசந்த பஜனை

அனைவருக்கும் வணக்கம். வரும் சனிக்கிழமை மாலை 6.30க்கு, குளுகோரில் வழக்கமான வீட்டில் கூடுகிறோம். பாலம் தாண்டி வருபவர்கள் கொஞ்சம் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள்.

பினாங்கில் ஏது வசந்தம், வெயிலும் மழையும்தானே என்று ஒருவர் கேட்டார். நியாயம்தான். ஆனால் பங்குனி உத்திரம், ராமநவமி, வடக்கே ஹோலி என்று எல்லாம் அடுத்தடுத்து வரும் பருவம். பாடாமல் விட மனசு வரவில்லை.

முதலில் வசந்தா ராகத்தில் தியாகராஜரின் 'சீதம்ம மாயம்ம'. இந்த ராகத்தில் பஞ்சமமே, அதாவது 'ப' ஸ்வரமே, கிடையாது. மத்திமத்திலிருந்து ('ம') நேராகத் தைவதத்துக்கு ('த') போக வேண்டும். சுருதிப் பெட்டியில் 'ப' கேட்டுக்கொண்டே இருப்பதால் போன ஒத்திகையில் மூன்று பேர் அங்கேயே போய் நின்றுவிட்டோம். ஆமாம், நானும்தான். வீட்டில் ஒருமுறை மெதுவாகப் பாடிப் பாருங்கள்.

அப்புறம் நாச்சியார் திருமொழியின் முதல் பத்து. தை, மாசி, பங்குனி என்று ஆண்டாள் காமதேவனுக்கு நோன்பு இருக்கும் பாசுரங்கள். அதில் நெல், கரும்பு, வெல்லக்கட்டி, அரிசி, அவல் என்று படையலே வரும். அதனால் இந்த முறை பிரசாதம் வெல்ல அவல். தேங்காய் துருவ இரண்டு பேர் 5.30க்கே வந்தால் நல்லது.

பானகம் நான் போடுகிறேன். போன வருடம் சுக்கு தூக்கலாகி எல்லாரும் இருமியபடியே மங்களம் பாடியது நினைவிருக்கிறது. சரி, இந்த முறை அளந்து போடுகிறேன்.

பூச்செலவு ஆளுக்கு ஐந்து வெள்ளி. வருகிறவர்கள் வியாழன் இரவுக்குள் இங்கேயே பெயர் போட்டுவிடுங்கள்.