கைக்குழந்தைக்கு வாங்குற லிஸ்ட்ல இருந்து பவுடரை எடுத்துடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க இணைப்புல, குழந்தை பிறக்கப்போற வீட்ல வாங்கி வைக்க வேண்டிய சாமான்னு ஒரு பெரிய லிஸ்ட் போட்டிருந்தீங்க, அதைப் பாத்துட்டு தான் எழுதுறேன். எனக்கு அஞ்சு மாசத்துல ஒரு பையன் இருக்கான். என் நாத்தனாருக்கு இப்போ எட்டாம் மாசம், பிரசவத்துக்கு இங்க எங்க வீட்டுக்குத் தான் வர்றாங்க, அதனால எங்க அத்தை உங்க பேப்பரை அப்படியே மடிச்சு பீரோவுல எடுத்து வச்சுட்டாங்க, கடைக்குப் போறப்போ கொண்டு போகணுமாம். பேப்பர்ல போட்டுட்டாங்கன்னா அது சரியாத் தான் இருக்கும்னு நம்புற வீடுங்க இன்னும் நிறைய இருக்கு. அதனால தான் சொல்றேன், அந்த லிஸ்ட்ல முதல் வரியிலயே பேபி பவுடர் இருக்கு, தயவுசெஞ்சு அதை எடுத்துடுங்க.

நம்ம பக்கம் குழந்தையைக் குளிப்பாட்டி துண்டுல ஒத்தி எடுத்த உடனே கழுத்து, அக்குள், தொடை இடுக்குன்னு எல்லா இடத்துலயும் பவுடரைக் கொட்டி, மூஞ்சிக்கும் வெள்ளையா அப்பி, அப்புறம் பொட்டு வச்சா தான் குளிச்ச குழந்தை மாதிரியே இருக்கும் எல்லாருக்கும். பாக்க வர்றவங்களும் சோப்பு எண்ணெய் பவுடர் அடுக்கின கிஃப்ட் பாக்ஸோட தான் வர்றாங்க. ஆனா டால்கம் பவுடர்ங்கிறது என்ன, டால்க்னு ஒரு கல்லை மாவா அரைச்ச தூசு தானே. கையில தட்டும்போது பாதி காத்துல பறக்குது, அந்தக் காத்தைத் தான் பக்கத்துலயே படுத்திருக்குற குழந்தை இழுக்குது, அதோட மூச்சுக்குழாய் எவ்ளோ சின்னதுன்னு யோசிச்சுப் பாருங்க. குழந்தைக்குப் பவுடர் வேண்டாம், நுரையீரலுக்குள்ள போயிடும்னு அமெரிக்காவுல இருக்குற குழந்தை டாக்டர்கள் சங்கமான அமெரிக்கன் அகாடமி ஆஃப் பீடியாட்ரிக்ஸ் பல வருஷமா சொல்லிக்கிட்டு இருக்கு. டப்பா கையில கிடைச்சு மூஞ்சில கொட்டிக்கிட்டு மூச்சுத் திணறி இறந்த குழந்தைங்களைப் பத்தி மருத்துவ இதழ்கள்லயே பதிவு இருக்கு.

வாட்ஸப்ல பவுடர்னாலே கேன்சர்னு ஒரு மெசேஜ் சுத்துது, அதையும் சொல்லிடறேன். ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனி அமெரிக்காவுலயும் கனடாவுலயும் டால்க் பேபி பவுடர் விக்கிறதை 2020ல நிறுத்துச்சு, 2023ல இருந்து உலகம் பூரா டால்க்கை விட்டுட்டு சோள மாவுக்கு மாறப்போறோம்னு 2022 ஆகஸ்ட்ல அறிவிச்சுது. டால்க்ல கேன்சர் வர வைக்கிற ஆஸ்பெஸ்டாஸ்ங்கிற தாது கலந்திருந்துச்சுன்னு ஆயிரக்கணக்குல வழக்கு இருக்கு, கம்பெனி இல்லவே இல்லைன்னு தான் சொல்லுது. மும்பை முலுண்ட்ல இருந்த அவங்க ஃபேக்டரிக்கு மகாராஷ்டிரா அரசு 2022ல லைசென்ஸ் ரத்து பண்ணுனதை, மும்பை ஹைகோர்ட் 2023 ஜனவரில செல்லாதுன்னு சொல்லிடுச்சு. அதெல்லாம் கோர்ட் பாத்துக்கட்டும். என் கவலை அதை விட சாதாரணமானது, தினமும் காலைல நம்ம வீட்டுப் பாயில நடக்குறது. சோள மாவு பவுடர்னாலும் தூசு தூசு தான், மூச்சுல போகத் தான் செய்யும். கழுத்து மடிப்புல வேர்வையோட சேர்ந்து திரிதிரியா உருண்டு அந்த இடமே செவந்து போறதைப் பாக்காத அம்மா கிடையாது. மடிப்பை விரிச்சு ஒரு பழைய காட்டன் துணியால ஈரம் இல்லாம ஒத்தி எடுத்தாலே போதும். வேர்க்குரு வந்தா காத்தோட்டமா போட்டு மெல்லிசு காட்டன் சட்டை போட்டு விடுங்க, அடங்கலைன்னா டாக்டர்கிட்ட காட்டுங்க.

பழைய பழக்கம் எல்லாமே தப்புன்னு சொல்ற ஆள் நான் இல்லங்க. எண்ணெய் தேச்சு கால் மேல போட்டுக் குளிப்பாட்டுறது எவ்ளோ அருமையான விஷயம், எங்க அத்தை கையில என் பையன் அப்படியே சொக்கிப் போயிடுவான். தேங்காய் எண்ணெய் லேசா சூடு பண்ணி மெதுவா தேச்சு விடுறதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா குளிப்பாட்ட வர்ற ஆயாம்மாங்க மூக்குல ரெண்டு சொட்டு, காதுல ரெண்டு சொட்டு விட்டு, வாயால வேற ஊதுறாங்க பாருங்க, அது தான் எனக்கு பயமே. மூக்குல விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள்ள இறங்கிடுச்சுன்னா ஒரு வகை நிமோனியா வரும், லிபாய்டு நிமோனியான்னு பேரு, எண்ணெயை நுரையீரலால சுலபமா வெளிய தள்ள முடியாது. குழந்தை டாக்டர்கள் யாரைக் கேட்டாலும் இதைத் தான் முதல்ல சொல்லுவாங்க. அப்புறம் தலை காய சாம்பிராணி போடுறது, அதுவும் புகை தானே, துண்டால துவட்டினாலே அந்த சின்னத் தலை அஞ்சு நிமிஷத்துல காஞ்சுடும். கண்ணுக்குள்ள மை வேண்டவே வேண்டாம், சில மையில ஈயம் இருக்கு. திருஷ்டிக்குன்னா உள்ளங்கால்ல ஒரு பொட்டு வச்சுட்டுப் போங்க, யார் வேண்டாம்னு சொன்னா.

குளிக்கிறதைப் பத்தி இன்னொன்னு. பிறந்த உடனே குளிப்பாட்டாதீங்க, குறைஞ்சது 24 மணி நேரம் கழிச்சு பண்ணுங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, உடம்புல இருக்குற அந்த வெள்ளைப் பூச்சும் அழுக்கு இல்ல, தேச்சு எடுக்கக் கூடாது. தொப்புள்கொடி தானா காஞ்சு விழட்டும், மஞ்சள், பவுடர், எண்ணெய் எதையும் அதுல வைக்காதீங்க. சோப்பு விஷயத்துல வாசனை குறைவா இருக்குறதைப் பாத்து வாங்குனா போதும், தினமும் உடம்பு பூரா நுரை வரணும்னு அவசியமே இல்ல, சோப்போட காரம் அந்தத் தோலை வறட்டிடும். கடலை மாவு, பயத்தமாவு போட்டுத் தேச்சா ரொம்ப சின்னக் குழந்தைக்குத் தோல் உரசும், அதுக்கு ஒரு வயசு ஆகட்டும். ஹெர்பல், ஆர்கானிக்னு இன்ஸ்டாகிராம்ல வீட்ல செஞ்ச நலங்கு மாவு, பேபி சோப்புன்னு விக்கிறதை வாங்குறதுக்கு முன்னாடி டப்பாவைத் திருப்பிப் பாருங்க. 2020 காஸ்மெட்டிக்ஸ் ரூல்ஸ் படி தயாரிப்பு லைசென்ஸ் நம்பர், பேட்ச் நம்பர், எதுவரைக்கும் பயன்படுத்தலாம்ங்கிற தேதி எல்லாம் அதுல இருக்கணும், இல்லைன்னா உள்ள என்ன இருக்குன்னு யார் பொறுப்பு எடுத்துக்கப் போறா?

டயப்பருக்கு வர்றேன், அது தான் காசு தண்ணியா போற இடம். டிவி விளம்பரத்துல ராத்திரி போட்டா விடியுற வரைக்கும்னு காட்டுறாங்க. உள்ள இருக்குற ஜெல் ஈரத்தை இழுத்துக்கும், அதனால மேல தொட்டா காஞ்ச மாதிரி தான் இருக்கும், ஆனா தோலுக்குத் தெரியும். மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாத்து மாத்தணும், மலம் போயிருந்தா உடனே மாத்தணும். வைப்ஸ் வெளிய போறப்போ சரி, வீட்ல இருக்குறப்போ வெதுவெதுப்பான தண்ணியில பஞ்சை நனைச்சுத் துடைச்சா போதும், பொண்ணுக் குழந்தைன்னா முன்னாடி இருந்து பின்னாடி துடைக்கணும், இதைச் சொல்லிக் குடுக்கவே ஆள் இல்லாத வீடுங்க இருக்கு. செவந்திருந்தா ஜிங்க் ஆக்சைடு க்ரீம் தடவி, தினமும் கொஞ்ச நேரம் டயப்பரே இல்லாம காத்தாட விட்டுடுங்க. வீட்ல இருக்குற நேரத்துக்கு பழைய வேட்டியைக் கிழிச்சுத் தச்ச துணி நாப்கினே போதும், அதை நல்லா அலசி வெயில்ல காயப் போட்டா அதுக்கு மேல எதுவும் வேண்டாம், கிருமிநாசினி எல்லாம் ஊத்தாதீங்க. விலை பாத்து வாங்குங்க, 2025 செப்டம்பர் 22ல இருந்து டயப்பருக்கு ஜிஎஸ்டி 12ல இருந்து 5 சதவீதமா குறைஞ்சிருக்கு, சோப்புக் கட்டி, ஷாம்பூவுக்கும் 18ல இருந்து 5 ஆயிடுச்சு, எம்ஆர்பில அது தெரியணும்ல, தெரியலைன்னா கடைக்காரர்கிட்ட கேளுங்க.

இதுல இன்னொரு ஆளும் இருக்காங்க, குப்பை எடுக்குற அக்கா. 2016 திடக்கழிவு விதிகள்லயே டயப்பர் கம்பெனிங்க ஒவ்வொரு டயப்பரையும் சுத்திப் போட பை குடுக்கணும்னு எழுதியிருந்தாங்க, நான் வாங்குன பாக்கெட் எதுலயும் அப்படி ஒரு பையைப் பாத்ததே இல்ல. மலத்தை டாய்லெட்ல தட்டி விட்டுட்டு, டயப்பரைச் சுருட்டி பேப்பர்ல கட்டி தனியா குடுங்க. எங்க தெருவுல வெறுங்கையால அதைப் பிரிக்கிற பொம்பளையைப் பாக்குறப்போ எனக்கு மனசே ஆறல.

பால் பாட்டிலும் உங்க லிஸ்ட்ல இருக்கு. ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணி கூட வேண்டாம்னு சொல்றப்போ எல்லா வீட்டுக்கும் பாட்டில் எதுக்குங்க? பால்பவுடர், பாட்டில் விளம்பரமும் அதை ஊக்குவிக்கிறதும் கூடாதுன்னு 1992லயே சட்டம் வந்து, 2003ல இன்னும் கடுமையாக்கியிருக்காங்க, பாட்டிலுக்கு ஐஎஸ்ஐ முத்திரையும் கட்டாயம். டாக்டர் சொல்லித் தான் கறந்த பாலோ வேற பாலோ குடுக்கணும்னா நம்ம பாலாடை இருக்கே, கொதிக்க வச்சு சுத்தம் பண்ண அதை மாதிரி சுலபமான சாமான் எது. தேனை மட்டும் ஒரு வயசு வரைக்கும் நாக்குல கூட வைக்காதீங்க, அதுல இருக்குற ஒரு கிருமி குழந்தை உடம்பைத் தளர வச்சுடும்.

கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரில பிறக்குற குழந்தைக்கு 2015ல இருந்து 16 பொருள் இருக்குற பெட்டகம் குடுக்க ஆரம்பிச்சாங்களே, அதுல கை கழுவுற லிக்விடும் கொசுவலையும் வச்சிருந்தாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்சது அது தான். குழந்தையைத் தூக்க வர்ற எல்லாரும் கை கழுவிட்டு வந்தாலே பாதி நோய் வாசலோட போயிடும். உங்க லிஸ்ட்ல இது ரெண்டும் இல்ல.

கடைசியா உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். பேக்கெட் பொருளுக்கு இருக்குற 2011 லீகல் மெட்ராலஜி, அதாவது எடை அளவு சட்ட விதிப்படி விவரம் எல்லாம் ஹிந்தியிலயோ ஆங்கிலத்துலயோ இருந்தா போதும், தமிழ் போடுறதும் போடாததும் கம்பெனி இஷ்டம். எங்க அத்தை நல்லா தமிழ் படிப்பாங்க, தினமும் உங்க பேப்பரை ஒரு வரி விடாம படிக்கிறவங்க, ஆனா மூஞ்சிக்குப் பக்கத்துல கொண்டு போகாதீங்கன்னு பவுடர் டப்பால பொடி எழுத்துல இங்கிலீஷ்ல போட்டிருக்குறது அவங்களுக்கு எப்படித் தெரியும். குழந்தையை முக்காவாசி நேரம் பாத்துக்கிறதே அவங்களை மாதிரி பாட்டிங்க தானே. குழந்தைப் பொருள் எல்லாத்துலயும் எச்சரிக்கையைத் தமிழ்ல பெரிய எழுத்துல போடச் சொல்லி அரசாங்கத்துக்கு நீங்க ஒரு தலையங்கம் எழுதணும். அது வர்ற வரைக்கும் ஒரு குழந்தை டாக்டரை வச்சு இந்த லிஸ்ட்டைத் திருத்தி அதே பக்கத்துல, அதே சைஸ்ல திரும்பப் போடுங்க, எங்க அத்தை அதையும் மடிச்சு வச்சுப்பாங்க.

இப்படிக்கு,
ஒரு கைக்குழந்தையின் அம்மா,
திண்டுக்கல்.

பி.கு: லிஸ்ட்ல வாக்கர் வண்டியும் இருக்கு. அது குழந்தையை சீக்கிரம் நடக்க வைக்காது, படியில உருண்டு தலையில அடிபட்ட கேஸுங்க நிறைய வந்ததால தான் கனடாவுல 2004லயே அதை விக்கவே கூடாதுன்னு தடை பண்ணிட்டாங்க. அதையும் எடுத்துடுங்க.