கோயில் கட்டைகளுக்கு ஒரு நன்றி

தேயிலைத் தோட்டத்து மேற்பிரிவு லய வீடுகளில் இருக்கும் மக்களுக்கும் கோயில் கமிட்டியாருக்கும் வணக்கம்.

போன மாத அடைமழையில், வட்டகொடை ஸ்டேஷனுக்கும் கிரேட் வெஸ்டர்ன் ஸ்டேஷனுக்கும் நடுவே மண் சரிந்து, பதுளையிலிருந்து இறங்கி வந்த கோச்சி ரயிலின் எஞ்சின் தடம் புரண்டதே, அதைத் தூக்கி வைக்க வந்தவர்களில் நானும் ஒருவன். நாவலப்பிட்டி ரயில்வேயில் பிட்டர் வேலை. வேலை முடிந்த கையோடு யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் இறங்கிவிட்டோம். அது இன்னும் உறுத்துகிறது.

இடம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம், 44 அடிக்கு ஓர் அடி ஏறும் பாதை, அதிலும் வளைவு. வளைவில் வெளித் தண்டவாளம் உயர்ந்திருப்பதால் பாரந்தூக்கி சும்மா நின்றாலே உள்பக்கம் சாயும். எஞ்சின் 80 தொன் அளவு. பின் சக்கரங்களுக்கு ஆப்பு வைத்துவிட்டு முன்பக்கத்தை மட்டும்தான் தூக்குவோம். அதுவே 40 தொன் வரும். அந்தப் பாரம் பாரந்தூக்கியின் பக்கக் கால்கள் வழியாக மண்ணுக்கு இறங்கும்.

பள்ளத்துப் பக்கம் கால் ஊன்றக் கட்டை அடுக்கும்போதுதான் பழைய கங்காணி ஐயா குடையோடு வந்தார். "தம்பி, அங்க வைக்காதீங்க. கீழ பழைய தண்ணிக் கான் ஓடுது, எங்கப்பா காலத்துல மூடினது" என்றார். சிங்களத்தில் போர்மனிடம் சொன்னேன். நேரம் போகிறதே என்று முகம் சுளித்தார். நானும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்தேன். இருந்தாலும் அலவாங்குக் கம்பியை இறக்கிப் பார்த்தோம். களிக்குள் போவதுபோல் இரண்டடி போனது. அதன்பிறகு ஐயாவைக் கேட்காமல் ஒரு காலும் ஊன்றவில்லை.

பாரந்தூக்கியைப் பின்னுக்கு நகர்த்தியதில் இன்னொரு சிக்கல். அதன் கை நீள நீளத் தூக்கும் வலு குறையும். ஆகவே கூடவே அடியிலிருந்து தூக்கும் ஜேக்கும் போட வேண்டியதாயிற்று. ஒரு பிடி உயர்த்து, கட்டை கொடு, ஜேக்கை இறக்கி மறுபடி வை. ராத்திரி ஒன்பது மணிக்குக் கட்டை தீர்ந்தது. லொறி வர ரோடு கிடையாது.

அப்போதுதான் நீங்கள் கோயில் வேலைக்கு வைத்திருந்த டர்பன்டைன் மரக் கட்டைகள் மலையிலிருந்து இறங்கின. பகலெல்லாம் கொழுந்து பறித்த பெண்கள், கட்டைக்கு இரண்டு பேராக, சேற்றில் தூக்கி வந்தீர்கள். சாமி கட்டையை எண்ணெய்ச் சக்கரத்துக்கு அடியில் எப்படிக் கொடுப்பது என்று நான் தயங்க, ஓர் அம்மா, "சாமி கோவிச்சா நாங்க பேசிக்கிறோம், நீ புடி" என்றார்.

விடிவதற்குள், நீங்கள் வேலைக்குப் பேர் கொடுக்கப் பிரட்டுக்குப் போகுமுன், சக்கரம் தண்டவாளத்தில் உட்கார்ந்தது.

டோர்ச் பிடித்த பையன்களுக்கும், அட்டைக்கடிக்குச் சவர்க்காரம் தந்த வீட்டாருக்கும், ரொட்டியும் கட்டச் சம்பலும் தேத்தண்ணியும் அனுப்பிய எல்லா லயத்துக்கும் நன்றி. அந்தச் சம்பல் காரம் எங்கள் போர்மனுக்கு இன்னும் மறக்கவில்லையாம்.

கட்டைகளில் மூன்று பிளந்துவிட்டன. நாங்களே காசு சேர்த்து அதே அளவில் வாங்கிவிட்டோம். வருகிற ஞாயிறு வட்டகொடை ஸ்டேஷனுக்கு வந்து சேரும், அங்கிருந்து தூக்கிவர இந்த முறை நாங்கள் வருகிறோம். கங்காணி ஐயா வீட்டில் இருப்பாரா என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

நாவலப்பிட்டியிலிருந்து,
உங்கள் பிட்டர் தம்பி