ஆட்டோ எஞ்சினும் மைதாப் பசையும்

ஹலசூரு, பெங்களூரு
ஜனவரி 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். இவரும் மாமியும் சுகம். நீங்கள், அப்பா, தம்பி எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அங்கே யாழ்ப்பாணத்தில் திருவெம்பா தொடங்கியிருக்கும். விடியப்புறம் சங்கும் சேமக்கலமுமாகப் பெடியன்கள் தெருத்தெருவாகப் போவார்கள். இங்கே சோமேசுவரர் கோயிலில் மார்கழிப் பூசை வடிவாக நடக்கிறது, ஆனால் ஊரை எழுப்ப ஒருவரும் வருவதில்லை. பால்காரரின் மோட்டார் சைக்கிள்தான் எழுப்புகிறது. நீங்கள் கேட்குமுன் சொல்லிவிடுகிறேன்: காலையில் 15, 16 பாகை. ஸ்வெட்டர் போடுகிறேன். மாமி காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு கோலம் போடுகிறார்.

டிசம்பரில் நான் வேலை ஒன்றும் எடுக்கவில்லை என்று இவர் வாய்தவறிச் சொன்னதிலிருந்து நீங்கள் நித்திரை இல்லாமல் இருப்பதாகத் தம்பி சொன்னான். காசுப் பிரச்சினை இல்லை அம்மா. வீட்டில் சண்டையும் இல்லை. போனில் சொன்னால் நடுவில் அப்பா வந்து வெங்காய விலை சொல்லுவார், நீங்களும் அந்தப் பக்கம் போய்விடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

பாடப்புத்தகத்துக்குப் படம் வரைவது கதைப்புத்தகத்துக்கு வரைவதுபோல் இருக்கும் என்று நினைக்கிறீர்கள். அப்படி இல்லை. ஒரு மாம்பழம் வரையச் சொல்லுவார்கள். வரைந்து அனுப்பினால், இன்னும் மஞ்சள் வேண்டும் என்பார் ஒருவர். மஞ்சள் கூடிவிட்டது என்பார் அவருக்கு மேலே இருப்பவர். கடைசியில் மாம்பழத்தை எடுத்துவிட்டுக் குடை போடுங்கள் என்று மின்னஞ்சல் வரும். நவம்பர் முடிவில் பென்சிலைத் தொடவே கை கூசியது. மாமி ஆசையாக நல்ல தடித்த தாள் வாங்கிவந்து தந்தார். அதில் பால் கணக்கு எழுதிவைத்தேன். அதைப் பார்த்த பிறகுதான் இவர், 'ஒரு மாசம் யாருக்கும் வரையாதே, நான் பார்த்துக்கிறேன்' என்றார். வெங்காயம் கிண்டிய தறையில் அப்பா சணல் விதைத்து உழுதுவிடுவாரே, அப்படி நினைத்துக்கொள்ளுங்கள்.

சும்மா இருக்கத்தான் நினைத்தேன். நத்தார் விடவில்லை.

எங்கள் கட்டடத்தில் தமிழ், கன்னடம், மலையாளம், தெலுங்கு எல்லாம் உண்டு. யார் வீட்டுப் பெருநாள் என்றாலும் எல்லா வீட்டுக்கும் தட்டு போகும். மூன்றாம் மாடி அன்ரி நத்தார் கேக்குக்காக ஒக்டோபரிலேயே முந்திரிகை வத்தலையும் பேரீச்சம்பழத்தையும் றம்மில் ஊறப்போட்டுவிட்டார். குல்குல் என்று ஒரு பலகாரம் செய்கிறார்கள். மாவை முள்ளுக்கரண்டியின் முதுகில் உருட்டிச் சோகிபோலச் சுருட்டிப் பொரிப்பது. வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது இங்கேயும் வழக்கம்தான். நீங்கள் தந்துவிட்ட பயற்றம் மாவில் பணியாரம் சுட்டுக் கொடுத்தேன். அன்ரி அதற்கு 'ஸ்ரீலங்கா போண்டா' என்று பெயர் வைத்து மொத்தக் கட்டடத்துக்கும் சொல்லிவிட்டார். திருத்திப் பார்த்தேன், ஏலாது.

அந்த அன்ரிதான் இந்த முறை, நமக்குள் பரிசு மாற்றிக்கொள்வதை விட்டுவிட்டு, மர்பி டவுன் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுக்கலாம் என்று தொடங்கிவைத்தார். கீழே ஒரு பெட்டி வைத்தோம். ஒரு கிழமைக்குள் பெட்டி நிரம்பி, ஜெனரேட்டர் அறைவரை அடுக்க வேண்டியதாகிவிட்டது. அப்படியொரு தாராளம்! என்ன வந்தது என்று கேளுங்கள். பொறியியல் நுழைவுத்தேர்வு கைடுகள் கட்டுக்கட்டாக. விண்டோஸ் 98 கற்றுக்கொள்ள ஒரு தலையணை அளவு புத்தகம். உடம்பு மெலிய வழி சொல்லும் புத்தகங்கள், ஒருவரும் திறந்ததாகத் தெரியவில்லை. பாதி வண்ணம் தீட்டிய கலரிங் புத்தகங்கள். ஒரு கல்யாண அல்பம்கூட வந்தது. இரண்டாம் மாடிக்காரர் மறுநாள் மூச்சிரைக்க ஓடிவந்து எடுத்துக்கொண்டு போனார், மனைவிக்குச் சொல்ல வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டு.

கொடுத்தவர்கள் எல்லோரும் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் பழைய பேப்பர்க் கடைக்குப் போக வேண்டியதைப் பிள்ளைகளிடம் அனுப்பினால் அது வீடு ஒதுக்குவது, தானம் இல்லை. கனடாவிலிருந்து பெரியப்பா எங்கள் வாசிகசாலைக்கு அனுப்பிய பெட்டி நினைவிருக்கிறதா? பனிச்சறுக்கு விளையாட்டுப் புத்தகம் இருந்ததே. கோண்டாவிலில் யார் பனியில் சறுக்கப் போகிறார்கள் என்று நீங்கள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தீர்கள்.

சரி, குவியலைப் பிரிக்க ஆள் வேண்டும், நான்தான் வேலையில்லாமல் இருந்தேன். துணைக்கு வந்தவர் தெருமுனை வீட்டுப் பெரியவர். அவென்யூ ரோட்டில் பைண்டிங் கடை வைத்திருந்தவர். பெங்களூரில் பழைய பாடப்புத்தகம் வேண்டுமென்றால் அந்த ரோட்டுக்குத்தான் போவார்கள். நாங்கள் நல்லதென்று ஒதுக்கியவற்றில் பாதி, முதுகு பிய்ந்தும் தாள் கழன்றும் இருந்தன. 'தூக்கிப் போட வேணாம்மா, தைச்சிடலாம்' என்றார்.

அம்மா, அந்த வேலையை உங்களுக்கு விவரமாகச் சொல்ல வேண்டும், உங்களுக்குப் பிடிக்கும். முதலில் மைதாவைத் தண்ணீரில் கரைத்துச் சிறு நெருப்பில் கிண்டவேண்டும். வெள்ளை நிறம் போய்க் கண்ணாடிபோல ஆனதும் இறக்கி, ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவார். பூச்சியும் பூஞ்சணமும் வராதாம். மாமி அந்தச் சட்டியை இனிச் சமையலுக்கு எடுக்கக் கூடாது என்று பால்கனியில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். பிறகு பழைய நூலை வெட்டி, புத்தகத்தைப் பாரம் பாரமாக, அதாவது மடித்த தாள்களின் சிறு கட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பாரத்தின் மடிப்புக்குள்ளும் ஊசியைவிட்டு வெளியே எடுத்து அடுத்ததோடு கோத்துக் கட்டவேண்டும். இறுக்கினால் தாள் கிழியும், தளர்ந்தால் புத்தகம் ஆடும். நூலுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டால் வழுக்காமல் நிற்கும். கடைசியில் முதுகில் பசை தடவிக் காலிகோ துணியை ஒட்டி, இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து அம்மிக்கல்லை ஏற்றிவிடுவோம். மறுநாள் எடுத்துத் திறந்தால் புத்தகம் விரிந்து படுத்துக்கொள்ளும். பெரியவர் ஒவ்வொன்றையும் மூக்கருகே கொண்டுபோய் மணந்து பார்த்துத்தான் 'ஆச்சு' என்பார்.

தைக்கும்போது ஒருநாள், யாருக்கு எதைக் கொடுப்பது என்று நான் கேட்டதற்கு ரங்கநாதனைப் பற்றிச் சொன்னார். சீர்காழியில் பிறந்து, கணக்கு வாத்தியாராக இருந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர். நூலகத்துக்கு ஐந்து விதிகள் என்று 1931இல் எழுதிவைத்தவர். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் என்பவை அதில் இரண்டு. கடைசிக் காலத்தை இந்த ஊரில் கழித்திருக்கிறார். மனைவி சாரதாவின் பெயரில் நூலகக் கல்விக்காக 1961இல் அறக்கட்டளை வைத்தார், அடுத்த ஆண்டே இங்கே ஆவணப் பயிற்சி மையத்தைத் தொடங்கினார், 1972இல் இங்கேயே காலமானார். இதெல்லாம் பெரியவர் சொன்னது. அவருக்குத் தெரியாததை நான் சொன்னேன்: யாழ்ப்பாணத்தில் எங்கள் நூலகத்தைக் கட்டத் திட்டம் போட்டபோது ஆலோசனை சொன்னவரும் இந்த ரங்கநாதன்தான் என்று. கட்டடத்தை வரைந்த நரசிம்மனும் சென்னைக்காரர் என்று.

அப்புறம் 1981இல் அந்த நூலகத்தை எரித்தது பற்றியும் சொல்ல வேண்டி வந்தது. 97,000 புத்தகங்கள் என்றதும் கையில் இருந்த ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டார். 'ஏடுமா? ஓலைச்சுவடி எல்லாமுமா?' என்று கேட்டார். எல்லாமும்தான் என்றேன். யார் செய்தது, ஏன் செய்தது என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. அப்போது நான் எங்கே இருந்தேன் என்று கேட்டார். நான் பிறக்கவே இல்லை, அம்மா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தா, சிறுவர் பகுதியில் இரவல் எடுத்த ஒரு புத்தகம் வீட்டில் இருந்ததால் அது மட்டும் தப்பியது என்றேன். 'அதை இன்னும் வெச்சிருக்காங்களா?' என்றார். அதற்கு அட்டை போட்டுத் தரவேண்டுமாம், காசு வேண்டாமாம். கொடுப்பதா என்பதை நீங்கள்தான் சொல்லவேண்டும். நான் வாக்குக் கொடுக்கவில்லை.

பெட்டியைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வருவதில்லை, முதலில் பிள்ளைகளைக் கேட்போம் என்று முடிவெடுத்தோம். சிறு துண்டுத்தாள்களில் என்ன புத்தகம் வேண்டும் என்று எழுதித் தந்தார்கள். வீட்டில் தமிழ் கதைக்கிற பிள்ளைகள்தான், ஆனால் பள்ளியில் படிப்பது கன்னடமும் ஆங்கிலமும். தமிழ்க் கதைப்புத்தகங்களை நான் ஆசையாகத் தைத்துவைத்திருந்தேன், வாசிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலர். அவற்றில் பெரியவர்களுக்கானவை ஏரிக்கரைத் தமிழ்ச் சங்கத்து நூலகத்துக்குப் போயின. சிறுவர் கதைகளைச் சனிக்கிழமை பின்னேரம் நான் போய் வாசித்துக் காட்டுகிறேன். என் தமிழைக் கேட்டு முதலில் சிரித்தார்கள், இப்போது என்னைப்போலவே கதைத்துக் காட்டுகிறார்கள்.

ஒரு துண்டுத்தாளை இவரிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். கன்னட எழுத்து, ஆனால் எழுதியிருந்தது தமிழ்: 'அப்பா ஆட்டோ உள்ள என்னா இருக்கு, படம் போட்ட புக்கு.' பத்து வயதுப் பெடியன். சர்ச் ஸ்ட்ரீட்டில் பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். ரயில் இருந்தது, ராக்கெட் இருந்தது, டைனோசர் வேண்டிய மட்டும் இருந்தது. தெருவில் நிமிடத்துக்கு ஒன்று ஓடும் ஆட்டோவைப் பற்றி ஒன்றும் இல்லை.

மாமி வாங்கித் தந்த அந்தத் தாள் மிச்சம் இருந்தது. சிவாஜிநகரில் ஆட்டோ திருத்துகிற ஒருவரிடம் போய், கொஞ்சம் பார்க்கலாமா என்று கேட்டேன். அவரும் தமிழ்தான். பின்பக்க மூடியைத் திறந்து, பயணிகள் சீட்டுக்குக் கீழே எஞ்சின் இருப்பதைக் காட்டினார். நம்ப மாட்டீர்கள், இவ்வளவு காலம் அதன்மேல்தான் உட்கார்ந்து போகிறோம் என்று எனக்குத் தெரியாது. பிஸ்டன் வேலையை ஒரு கையைக் குவித்து, மற்றக் கையின் முட்டியை அதற்குள் ஏற்றி இறக்கிக் காட்டினார். 'இழுக்கும், அமுக்கும், வெடிக்கும், துப்பும். அவ்ளோதாம்மா.' அதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை. நின்றபடியே வரையத் தொடங்கினேன். வீட்டுக்கு வந்தும் இரவு இரண்டு மணிவரை வரைந்தேன். கிறீஸ் படிந்த எஞ்சின், மீற்றர்ப் பெட்டி, கண்ணாடியில் தொங்கும் எலுமிச்சையும் மிளகாயும் எல்லாம் வைத்தேன். இது மஞ்சள் கூட, அது குறைய என்று சொல்ல ஒருவரும் இல்லை. இவர் கன்னடத்தில் எழுதித் தந்தார், பெரியவர் தைத்துச் சிவப்புக் காலிகோ போட்டார்.

பெடியன் நன்றி ஒன்றும் சொல்லவில்லை. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை விரலை வைத்துப் பார்த்துவிட்டு, 'நம்பர் பிளேட் காலியா இருக்கு' என்றான். பேனையை வாங்கித் தன் அப்பாவின் வண்டி நம்பரைத் தானே எழுதிக்கொண்டான். அதற்குள் பக்கத்தில் நின்ற பெட்டை, தண்ணீர் டாங்கர் லொறிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டாள். அதைத்தான் இப்போது வரைந்துகொண்டிருக்கிறேன்.

காலையில் சில நாள் கப்பன் பூங்காவுக்குப் போய் உட்காருவேன். சனிக்கிழமைகளில் அங்கே ஆட்கள் பாய் விரித்து, ஒருவரோடொருவர் கதைக்காமல் புத்தகம் வாசிக்கிறார்கள். சேஷாத்திரி ஐயர் நினைவு நூலகம் என்று சிவப்பு நிறத்தில் ஒரு வடிவான பழைய கட்டடமும் அங்கே இருக்கிறது. நீங்கள் வரும்போது கூட்டிக்கொண்டு போகிறேன். கம்பனி வேலையைத் தை நடுவில் திரும்பத் தொடங்குகிறேன், ஆகவே கவலையை விடுங்கள். பின்னேரத்தில் மட்டும் ஒன்றும் எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டேன். ஒத்துக்கொண்டார்கள், கொஞ்சம் முணுமுணுப்போடு.

இப்போது உங்களிடம் ஒரு வேலை. எங்கள் வாசிகசாலைக்கும் அனுப்பலாம் என்று அன்ரியும் பெரியவரும் சொல்கிறார்கள். பெட்டி அனுப்புமுன், அங்கே வருகிற பிள்ளைகளிடம் என்ன வேண்டும் என்று எழுதி வாங்கி அனுப்புங்கள். நீங்களாக எழுத வேண்டாம், நீங்கள் எழுதினால் எல்லோருக்கும் தேவாரமும் கணக்குப் பயிற்சியும்தான் வரும். மழைக்காலம் என்று நாகபட்டினம் காங்கேசன்துறைக் கப்பல் நின்றிருக்கிறது. திரும்ப ஓடத் தொடங்கியதும் இவருடைய சிநேகிதர் ஒருவர் வருகிறார், அவர் கையில் தந்துவிடுகிறேன். அவர் திரும்பும்போது ஒடியல் மாவும், மாமிக்குப் பனங்கட்டி ஒரு குட்டானும் கொடுத்துவிடுங்கள். பயற்றம் மா முடிந்துவிட்டது. ஸ்ரீலங்கா போண்டாவுக்கு இங்கே இன்னும் ஆட்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்