முதல் தோசை பிய்ந்துதான் போனது

அன்புள்ள கலியா,

திட்டுவாய் என்று தெரியும். திட்டி முடித்துவிட்டுப் படி. பொங்கலுக்கு அப்புறம் உனக்கு நாலு வரி எழுதவில்லை, நான் பிரான்சில் சின்னவள் வீட்டுக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது, நீ அனுப்பிய அந்தப் பதினோரு நிமிடக் குரல் செய்தியையும் மூன்று தடவை கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தேன். சோம்பல் இல்லை, என்ன சொல்வதென்று தெரியவில்லை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இங்கே எல்லாரும் நலம். கமலாவுக்குக் குளிரில் முழங்கால் பிடித்துக்கொள்கிறது. மாப்பிள்ளை தங்கமானவர், வெந்நீர்கூட வைக்கத் தெரியாது.

இப்போது எழுத உட்கார்ந்த காரணம், முந்தாநாள் ஒரு கடையில் பதினைந்து பேர் பார்க்க நான் தோசை ஊற்றினேன். மானம் போனது. என்னுடையது இல்லை, உன்னுடையது. ‘முப்பத்து நாலு வருஷமாகத் தோசைக் கடை வைத்திருப்பவன் என் சிநேகிதன்’ என்று முதலிலேயே பீற்றிக்கொண்டுவிட்டேன்.

சரி, முறையாகச் சொல்கிறேன். சின்னவள் இருக்கும் ரென் நகரம் பிரிட்டனியின் தலைநகர். பிரான்சின் மேற்கு மூலையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்குமே, அந்தப் பகுதி. பாரிஸ்காரன் சாப்பாடு வேறு, இவர்கள் சாப்பாடு வேறு. இங்கே ஊருக்கு ஊர் தோசைக் கடை. நான் தமிழன் என்பதால் சொல்லவில்லை, பார்த்தால் நீயே சொல்வாய். கறுப்புக் கோதுமை என்று ஒரு மாவு. பேர்தான் கோதுமை, செடி அந்தச் சாதியே இல்லை, புல்லினத்தில்கூடச் சேராது. அந்த மாவு, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான். கரைத்து ராத்திரி முழுக்க வைத்துவிட்டுக் காலையில் வட்டமான இரும்புக் கல்லில் ஊற்றுகிறார்கள். கேழ்வரகு தோசை நிறம், லேசான கசப்பு, ஓரமெல்லாம் சல்லடைபோல ஓட்டை. ரென் பக்கம் அதற்குக் கலெத் என்று பேர், கொஞ்சம் மெத்தென்று இருக்கும். மேற்கே போகப் போக மெல்லிசாகி முறுகலாகிவிடுகிறது, பேரும் க்ரேப் என்று மாறிவிடுகிறது, மாவில் பாலோ முட்டையோ சேர்ப்பவர்களும் உண்டு. எது அசல் என்று இரண்டு பக்கத்தாரும் சண்டை போடுகிறார்கள். கும்பகோணமா மாயவரமா என்று நீயும் சுந்தரமும் காப்பிக்காகப் பேசாமல் இருந்தீர்களே, அதே ரகம்.

முதல் சனிக்கிழமை சந்தையில் நின்றுகொண்டே சாப்பிட்டேன். சுட்ட பன்றி சாசேஜை ஆறின கலெத்தில் சுருட்டிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள், தட்டு கிடையாது, சாஸ் கேட்டால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அது பரவாயில்லை ரகம்தான். ஆனால் அந்தூய் என்று ஒன்று இருக்கிறது பார், அதுவும் கெமெனே என்ற ஊரில் செய்வது, அங்கே நான் கவிழ்ந்தேன். பன்றிக் குடலை ஒன்றன்மேல் ஒன்றாக இருபதுக்கு மேல் சொருகிக்கொண்டே போய்ப் புகையில் தொங்கவிடுகிறார்கள். வில்லையாக நறுக்கினால் வெட்டின மரத்தில் வருஷ வளையம் தெரியுமே, அப்படி வட்டம் வட்டமாக இருக்கும். மேசையில் வைத்ததும் சின்னவள் ‘அப்பா, கஷ்டமாக இருந்தால் விட்டுவிடுங்கள்’ என்றாள். உன் அம்மா வைத்த குடல் குழம்பில் வளர்ந்தவனிடம் சொல்கிற பேச்சா? இரண்டு தட்டு. மாப்பிள்ளை எழுந்து வெளியே போய்விட்டார்.

கங்கால் என்ற கடலோர ஊரில் சிப்பி மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. கடற்கரையிலேயே உடைத்து, எலுமிச்சை பிழிந்து, பச்சையாக. நம்பர் சின்னதானால் சிப்பி பெரிது என்பது தெரியாமல், சின்னதாக ஆரம்பிக்கலாம் என்று ‘ஒன்றாம் நம்பர்’ கேட்டுத் தொலைத்தேன். உள்ளங்கை அகலத்துக்கு வந்தது. ஒன்றை விழுங்கினேன், வேளாங்கண்ணியில் அலை அடித்து வாயில் தண்ணீர் போன மாதிரி இருந்தது. மீதியைச் சின்னவள் தின்றாள்.

ஆனால் வெண்ணெயைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. இங்கே வெண்ணெய் என்றாலே உப்புப் போட்டதுதான், பல்லில் உப்புக் கல் நெறிபடும். மற்ற பிரெஞ்சுக்காரர்கள் உப்பில்லாத வெண்ணெய் தின்கிறார்கள். காரணம் கேட்டால் வேதாரண்யத்துக்காரன் நீ சிரிப்பாய்: உப்பு வரி! ராஜா காலத்தில் பிரான்சின் பல மாகாணங்களில் உப்புக்குக் கொள்ளை வரி, கபெல் என்று பேர். பிரிட்டனி 1532-ல் பிரான்சோடு சேர்ந்தபோதும் அந்த வரி இல்லாமலே தப்பித்துக்கொண்டது. பக்கத்திலேயே கெராந்து உப்பளம், உப்பு மலிவு, அள்ளி வெண்ணெயில் போட்டார்கள். அந்த வரி போய் எத்தனையோ காலம் ஆன பிறகும் நாக்கு மாறவில்லை. உங்கள் ஊரில் 1930-ல் ராஜாஜி உப்பு அள்ளிச் சிறைக்குப் போன கதையைச் சின்னவளை மொழிபெயர்க்கச் சொல்லி உப்புக் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் கால் கிலோ சும்மா கொடுத்தார். உனக்குத்தான்.

லோரியானுக்கும் போனோம். பேருக்கு அர்த்தமே ‘கிழக்கு’, 1666-ல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் கட்டுவதற்காக உண்டான ஊர், புதுச்சேரிக்கு வந்த கப்பல்கள் பல அங்கிருந்து கிளம்பினவை. எதிர்க்கரைக் கோட்டையில் மியூசியம், நம் கரையிலிருந்து போன பூப்போட்ட துணிகள். கமலா ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, தொடக்கூடாது என்ற பலகையையும் பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டாள்.

அங்கிருந்து இன்னும் மேற்கே டுவார்னனே பக்கம் ஒரு கிராமத்தில் நாலு நாள் தங்கினோம். அங்கேதான் அந்தக் கடை. நடத்துகிறவள் எழுபத்தைந்து வயதுக் கிழவி, நம் செல்லம்மாக்காவை வெளுக்க வைத்த மாதிரி. கல்லுக்குப் பிலிக் என்று பேர், ஒன்றரை அடி அகலம் இருக்கும். நாம் வெங்காயத்தைப் பாதியாக வெட்டி எண்ணெயில் தொட்டுத் தேய்ப்போமே, அவள் பன்றிக் கொழுப்பில் முட்டை மஞ்சள்கரு கலந்து துணியில் முடிந்து தேய்க்கிறாள். மாவை ஊற்றிவிட்டு, தண்ணீர்க் கிண்ணத்தில் கிடக்கும் ஒரு மரக்கட்டையை எடுக்கிறாள், நெல் காயப்போடும் பலகையைப் பொம்மை அளவுக்குச் செய்த மாதிரி, ரொஸெல் என்று பேர். மணிக்கட்டு மட்டும் ஒரு சுழல். அழுத்தவே மாட்டாள். தாள் மாதிரி மாவு ஓரம்வரை ஓடி நிற்கும். ஒரு முட்டை, பன்றித் துண்டம், துருவின சீஸ், நாலு ஓரத்தையும் மடித்துத் தட்டில்.

கூடவே என்ன குடிக்கிறார்கள் தெரியுமா? காதுவைத்த மண் கோப்பையில் ஆப்பிள் சீத்ர், லேசாகப் போதை, பழைய மரப்பெட்டி வாசனை. அது வேண்டாமென்றால் மோர். சத்தியமாக மோர். வெண்ணெய் கடைந்து மிஞ்சியது, லே ரிபோ என்கிறார்கள், கொஞ்சம் கெட்டி, நல்ல புளிப்பு. பக்கத்து மேசைப் பெரியவர் தோசையைப் பிய்த்து மோரில் போட்டு ஸ்பூனால் சாப்பிட்டார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது, சிரிக்காதே. என் அப்பா கடைசி மூன்று மாதம் அப்படித்தான் சாப்பிட்டார்.

அந்த உணர்ச்சி வேகத்தில்தான் நான் வாயைவிட்டேன். சின்னவள் மொழிபெயர்த்தாள், கிழவி கரண்டியை நீட்டி ‘ஊற்று பார்க்கலாம்’ என்றாள். நான் என்ன செய்தேன் தெரியுமா, பழக்கதோஷம், கல்லில் தண்ணீரைத் தெளித்தேன். ‘ஸ்ஸ்’ என்று ஆவி கிளம்பியது, கூடவே கிழவி போட்ட சத்தம்! அது பிரெஞ்சே இல்லை, சின்னவள் முழிக்கிறாள். கல்லில் தண்ணீர் படக்கூடாதாம், சூடு குறையக்கூடாதாம், குறைந்தால் அந்த ஓட்டை விழாதாம். அப்புறம் கரண்டியின் அடியால் நடுவிலிருந்து தேய்த்தேன். பசையில்லாத மாவு, நாலாகப் பிய்ந்து கரண்டியோடு வந்துவிட்டது. கடை முழுக்கச் சிரிப்பு. முதல் க்ரேப் யாருக்கும் சரியாக வராது என்று இவர்களும் சொல்கிறார்களாம். கிழவி என் மணிக்கட்டைப் பிடித்து ரொஸெலைத் திருப்பிக் காட்டினாள். மூன்றாவது வட்டமாக வந்தது, இலங்கை வரைபட வட்டம்.

அவள் என்னைத் திட்டியது பிரெத்தோன் மொழியில். கூட்டம் போன பிறகு அவளே உட்கார்ந்து சொன்னாள். அவள் அம்மா பள்ளிக்கூடத்தில் பிரெத்தோன் பேசினால் கழுத்தில் ஒரு மரக்கட்டைச் செருப்பைக் கட்டிவிடுவார்களாம், அதற்குச் ‘சின்னம்’ என்று பேராம், அடுத்து எவன் பேசி மாட்டுகிறானோ அவன் கழுத்துக்குப் போகுமாம். அந்த அம்மா பிள்ளைகளிடம் பிரெஞ்சு மட்டும் பேசினாள், அடுப்படியில் மாமியாரிடம் மட்டும் பிரெத்தோன். அதனால் இவளுக்கு அந்த மொழியில் திட்டவும் சமைக்கவும்தான் தெரியுமாம். இப்போது அந்த மொழியிலேயே பாடம் நடத்தும் பள்ளிகள் இருக்கின்றன, 1977-ல் ஆரம்பித்தவை. பேத்தி அங்கே படித்துவிட்டு வந்து இவள் இலக்கணத்தைத் திருத்துகிறாளாம். எனக்கு உன் நாலணாக்கள் ஞாபகம் வந்தன கலியா. தமிழில் பேசினதற்கு நீ கட்டின அபராதத்தில்தான் ஸ்கூல் மணியே வாங்கினார்கள் என்று பாபு சொல்வானே. அன்றைக்குச் சிரித்தோம்.

இப்போது உன் குரல் செய்திக்கு வருகிறேன். கல்லை எடுத்துவிடலாம், மாவைப் பாக்கெட்டில் வாங்கிக்கொள்ளலாம் என்று பையன் சொல்கிறான், உனக்குத் தோள்பட்டை தூக்கவில்லை. பென்ஷன் வாங்கும் நான் உனக்கு யோசனை சொல்லக் கூடாது. கிழவியிடம் கேட்டேன், முன்னெல்லாம் அரைமணி நேரம் கையாலேயே மாவை அடிப்பாளாம், எழுபது வயதில் கை போனதும் மெஷின் வாங்கிவிட்டாள், வெட்கமே படவில்லை. ஆனால் மாவு அவள் கரைத்ததுதான். கல் மாமியாருடையது, அதை யாருக்கும் கழுவக்கூடக் கொடுக்க மாட்டாள். எனக்குத் தோன்றுவது இவ்வளவுதான்: ஊற்றுவதற்கு ஆள் போடு, சம்பளம் கட்டுப்படியாகாவிட்டால் ராத்திரிக் கடையை நிறுத்து, கல்லை மட்டும் நான் வரும்வரை விற்காதே. அப்புறம் நீயும் உன் பையனும் பட்டபாடு.

நவம்பர் 12 ராத்திரி வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு உன் கடைக்கு இரண்டு கிலோ கறுப்புக் கோதுமை மாவோடு வருவேன், ரொஸெலும் வாங்கியாகிவிட்டது. முந்தின நாள் ராத்திரியே கரைக்க வேண்டும், ஃபோனில் சொல்கிறேன். நீ மோர் எடுத்து வை, புளித்ததாக.

டுவார்னனேயில் குவிஞ் அமான் என்று ஒரு வஸ்து. நாலு பங்கு மாவு, மூன்று பங்கு வெண்ணெய், மூன்று பங்கு சர்க்கரை. நான் எத்தனை தின்றேன் என்று உனக்குத் தெரிய வேண்டாம், கமலாவுக்கு நிச்சயமாகத் தெரிய வேண்டாம். சுகர் டெஸ்டுக்கு உன்னோடுதான் வருவேன்.

உன்,
குமரு