மக்களே, அந்த டிராகன் படத்தை மறுபடியும் பார்த்தேன்

அன்புள்ள மக்களே,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். மழை விடாததால் ரப்பர் பால்வெட்டு நடக்கவில்லை, அப்பாவுக்கு அதில் எரிச்சல். பெரியம்மா வீட்டுக் காரியம் போட்ட இடத்திலேயே கிடக்கிறது. உனக்கு ராத்திரி வேலை இன்னும் உண்டா? கண் விழித்தாலும் சாப்பிட்டுவிட்டு விழி.

அக்கா குட்டியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். உன் அலமாரியில் இருந்த 'எரகான்' கதைப் புத்தகத்தைக் குட்டி படித்து முடித்துவிட்டாள், இனி படத்தையும் பார்த்தே ஆகவேண்டும் என்று நின்றாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். படம் வந்த புதிதில் அதைப் பார்த்துவிட்டு நீ எத்தனை நாள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை என்பது எனக்கல்லவா தெரியும். அப்போதிருந்தே நீ அப்படித்தான். மனசுக்கு ஆகாதது ஒன்று நடந்தால் வாயைப் பூட்டிக்கொள்வாய், பெற்றவள் முகத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டும். இப்போது முகமும் இல்லை, போனும் இல்லை.

சரி, படத்துக்கு வருகிறேன். பாதியில் குட்டி, "அம்மச்சி, டிராகன் எப்ப வளந்துது?" என்று கேட்டாள். படத்தின் குறை முழுவதையும் அந்தக் கேள்வியிலேயே சொல்லிவிட்டாள். புத்தகத்தில் எரகான் என்கிற பையன் அந்த டிராகன் குஞ்சைக் காட்டில் ஒளித்து வைத்து, மரத்தில் கூடு கட்டி, வீட்டு இறைச்சியில் ஒதுக்கிக் கொண்டுபோய்க் கொடுப்பான். அது நாளாக நாளாக வளரும். முதன்முதலாகப் பேசும்போது அவன் பெயரைத்தான் சொல்லும். அந்தப் பக்கத்தை நீ எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினாய், நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். படத்திலோ அந்தக் குஞ்சு சஃபீரா மேகத்துக்குள் பறந்து போகிறது, ஒரு மின்னல், இறங்கும்போது முழு டிராகன்! ரப்பர் கன்று வெட்டுக்கு வர ஏழு வருஷம் காத்திருக்கிற ஊரில் இருந்துகொண்டு இதை எப்படி ஒத்துக்கொள்வது? வளர்த்த நாட்களைக் காட்டாமல், அவனுக்கும் அதற்கும் உயிருக்குயிரான பாசம் என்றால் யார் நம்புவார்கள்? அவ்வளவு பெரிய புத்தகத்தை 104 நிமிஷத்தில் அடைத்திருக்கிறார்கள். எல்ஃப் இனத்துப் பெண் ஆர்யாவுக்குக் கூர்மையான காதுகூட இல்லை. குள்ளர்கள் குள்ளர்களாகவே இல்லை. நடிகர் ஜெரமி ஐயன்ஸ் வருகிற இடங்களில் மட்டும் கொஞ்சம் உயிர் இருக்கிறது.

ஆனால் டிராகனைச் செய்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்த நீலச் செதிலையும் இறக்கையையும் பார். படத்தின் டைரக்டர் ஸ்டீஃபன் ஃபாங்மையரும் உன் தொழில்காரர்தான், கிராஃபிக்ஸ் மேற்பார்வையில் பெயர் எடுத்தவர். 'த பெர்ஃபெக்ட் ஸ்டார்ம்' படத்தில் வந்த அலையைப் பார்த்து, குளச்சலில் பிறந்து வளர்ந்த உன் அப்பாவே அசந்து போனாரே, அதற்கும் அவர்தான் பொறுப்பு. டைரக்ட் செய்தது எரகான்தான் முதல். கதையை அவசரத்தில் வெட்டியதற்கு இருட்டு அறையில் உட்கார்ந்து செதில் வரைந்த பிள்ளைகள் என்ன செய்வார்கள்? கடைசியில் பெயர்கள் ஓடும்போது குட்டி எழுந்து போய்விட்டாள், நான் முழுவதும் பார்த்தேன். உன் பெயர் வருகிற படத்திலும் அப்படித்தான் பார்ப்பேன், பக்கத்தில் இருப்பவர்களிடம் காட்டவும் செய்வேன். படம் ஓடாமல் போனால் அது உன் மேல் வருகிற பழி அல்ல. கம்பெனி நடக்காமல் போனாலும் அப்படியே.

மேலத்தெரு மாமியின் மகன் சென்னையிலிருந்து வந்து ஒரு மாசமாக வீட்டில்தான் இருக்கிறான். அவனும் உங்கள் வேலைதானே. மாமி கோயிலில் வைத்து என்னிடம் ஏதோ கேட்டாள். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியாதே, நீ சொன்னால்தானே. இத்தனை படித்த பிள்ளை, அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்ல எதற்கு இவ்வளவு யோசனை?

சாப்பாட்டை விடாதே. கடைச் சாப்பாட்டுக்குக் காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று டீயைக் குடித்துக்கொண்டு கிடக்காதே.

அந்தப் புத்தகத்தை எழுதிய பையனைப் பற்றி நீதான் எனக்குச் சொன்னாய். மொன்டானாவில் வீட்டிலேயே படித்தவன், 15 வயதில் எழுதத் தொடங்கினான். 2002இல் அப்பாவும் அம்மாவும் தாங்களே அச்சுப் போட்டார்கள். பழங்காலச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடங்களுக்கும் நூலகங்களுக்கும் போய்ப் புத்தகத்தைப் பற்றிப் பேசினான். அடுத்த வருஷம் நாஃப் பதிப்பகம் எடுத்துக்கொண்டது. 2006இல் படம் வந்து, ஊரெல்லாம் திட்டித் தீர்த்தபோது அவனுக்கு 23 வயது. அந்த வயதில் பெற்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்றுதான் எனக்கு யோசனை ஓடியது. அவன் அத்தோடு விட்டுவிடவில்லை. மூன்றாவது புத்தகம் 2008இல், நான்காவது 2011இல். அதே உலகத்தை வைத்து 2023இலும் ஒன்று எழுதியிருக்கிறான். படத்துக்கு இரண்டாம் பாகம் வரவே இல்லை, கதையோ நிற்கவில்லை. குட்டி அடுத்ததைக் கேட்கிறாள், உன் அலமாரியில் இரண்டாவது இல்லை. யாருக்குக் கொடுத்தாய்?

குட்டிக்கு டிராகன் வரையச் சொல்லித்தர ஆள் வேண்டுமாம். நீ பத்து நாள் வந்து இருந்தால் நல்லது, அதற்கு மேல் இருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். மட்டி வாழைக்குலை பழுக்கப் போட்டிருக்கிறேன். கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடு. கையில் காசு இல்லையென்றால் அப்பாவிடம் கேட்காதே, எனக்கு ஒரு மெசேஜ் போடு. குட்டி போனில் பணம் அனுப்பக் கற்றுத் தந்திருக்கிறாள்.

அன்புடன்,
அம்மா