அந்தத் தகுதி என்னவென்று எழுதவில்லையே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தியர்களை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்துக்கு நான்கு ஆண்கள் தேர்வானது பற்றிய உங்கள் ஞாயிறு கட்டுரையில், ‘நால்வரும் தகுதியால் தேர்வானவர்கள், இதில் ஆண், பெண் என்று பார்ப்பது அறிவியலுக்கு அழகல்ல’ என்று ஒரு வரி. நால்வரின் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தத் தகுதி என்னவென்று கட்டுரையில் எங்கும் காணோம். விமானப்படையின் சோதனை விமானிகளிலிருந்துதான், அதாவது புது விமானங்களை ஓட்டிச் சோதிப்பவர்களிலிருந்துதான், ஆள் எடுத்தார்கள். அங்கே பெண்கள் போர் விமானிகளாகச் சேர்ந்ததே 2016-ல்தான், அதுவும் மூன்று பேர். அவர்கள் அனுபவம் சேர்த்துச் சோதனை விமானி ஆவதற்குள் தேர்வே முடிந்துவிட்டது. கதவைச் சாத்திவிட்டு, யாரும் வரவில்லை என்றால் எப்படி ஐயா?

அமெரிக்காவும் முதலில் இதையேதான் செய்தது. விண்வெளி வீரராக வேண்டுமானால் ராணுவச் சோதனை விமானியாக இருக்க வேண்டும் என்று விதி; அந்த வேலையில் பெண்களைச் சேர்ப்பதே கிடையாது. விண்வெளி வீரர்களுக்கான மருத்துவச் சோதனைகளில் தேறிய பெண் விமானி ஜெர்ரி காப் 1962-ல் நாடாளுமன்றக் குழு முன் முறையிட்டும் பலனில்லை. மறு வருடமே சோவியத் நாடு வாலண்டினா தெரஷ்கோவா என்ற பெண்ணை விண்வெளிக்கு அனுப்பியது. அவர் விமானியே இல்லை. நெசவாலைத் தொழிலாளி, பாராசூட்டில் குதிக்கத் தெரிந்தவர். அமெரிக்கப் பெண் ஒருவர் போக 1983 ஆனது.

2019 மார்ச்சில் இரண்டு அமெரிக்கப் பெண்கள் சேர்ந்து விண்நடை, அதாவது விண்வெளி நிலையத்துக்கு வெளியே வந்து வேலை செய்ய, போவதாக இருந்தது. இருவருக்கும் தேவைப்பட்ட அளவில் விண்வெளி உடையின் மேல்பகுதி ஒன்றுதான் தயாராக இருந்ததால் ஒருவருக்குப் பதிலாக ஓர் ஆண் போனார். எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. நான் வேலை பார்த்த மின்னணுத் தொழிற்சாலையில், தூசி புகாத அறைக்குப் போடும் கோட்டு எல்லாமே ஆண்கள் அளவு. கையை மடித்துவிட்டுக்கொண்டுதான் சால்டரிங் செய்வோம். மடிப்பில் தூசி சேருகிறது என்று திட்டு எங்களுக்குத்தான் விழும். சின்ன அளவு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தோம். நான் ஓய்வு பெறும்வரை வரவில்லை. அளவு சொல்லும் இடத்தில் ஒரு பெண்கூட இல்லை, அவ்வளவுதான் காரணம்.

இஸ்ரோவின் ரிசாட்-1 ரேடார் செயற்கைக்கோள் திட்டத்தை நடத்திய வளர்மதி அரியலூர்க்காரர். சூரியனை ஆராயும் ஆதித்யா எல்-1 திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டை அரசுப் பள்ளியில் படித்தவர். இவர்களைப் போன்றவர்களைப் பற்றி எழுதினால், வீட்டையும் வேலையையும் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று உங்கள் பத்திரிகையில் ஒரு பத்தி வந்துவிடுகிறது. ஆண் விஞ்ஞானிகளுக்கு அந்தப் பத்தி கிடையாது. நெடுநாள் வாசகி என்பதால் மனம் நொந்து சொல்கிறேன்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இஸ்ரோ நடத்தும் யுவிகா பயிற்சிக்கு, கிராமப் பஞ்சாயத்துப் பள்ளிகளில் படிப்பவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண் உண்டு. போன முறை அந்த அறிவிப்பு உங்கள் பத்திரிகையில் கடைசித் தேதி முடிந்த பிறகுதான் வந்தது. எங்கள் ஊர்ப் பள்ளியில் ஒரு பிள்ளைகூட விண்ணப்பிக்கவில்லை. அடுத்த முறையாவது முன்கூட்டியே, மாவட்டப் பதிப்பிலும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சங்கரன்கோவில்